மாட்டுங்காவில் நிற்காத வண்டி

பிள்ளைகளே, அறுபதுகளில் பம்பாயில் கத்தி, கம்பு இல்லாமல் வாயாலேயே ஆளைத் தீர்த்துக்கட்டக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ஸ்டேஷன் மாஸ்டர். ரயில்வேக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தாராவிக்குப் பக்கத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு நர்ஸ். காலில் சீழ் வைத்துப் போய்ப் படுத்த நான், இந்தப் பிறவியிடம் மாட்டிக்கொண்டேன்.

அவருக்கு வீடு கல்யாண் ஸ்டேஷனையும் தாண்டி உல்லாஸ்நகர். தினமும் லோக்கல் ரயிலில் தொங்கித் தொங்கி, மூளைக்குள்ளேயும் யாரோ தண்டவாளம் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. வாசலோரக் கட்டில் தாதர். அடுத்த கட்டிலில் கிடந்த நான் மாட்டுங்கா. அப்புறம் சயான், குர்லா என்று வரிசையாக எல்லாக் கட்டிலும் ஸ்டேஷன்தான். மத்தியானம் டூட்டி மாறும்போது, ராணி சிஸ்டரிடம் நோயாளிகளை அவர் ஒப்படைக்கும் அழகைப் பார்க்க வேண்டுமே! சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஒப்பிப்பார்.

"தாதருக்குக் கஞ்சி மட்டும். சயானுக்குக் கட்டு மாத்தணும். குர்லா வாய்க்காரன், பேச்சுக் குடுக்காதிய."

சிஸ்டர் தாராவியிலிருந்து நடந்தே வேலைக்கு வருகிறவர். எதற்கு அப்புறம் எந்த ஸ்டேஷன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? "ஆளு பேரச் சொல்லுங்க அண்ணாச்சி!"

"பேரு எதுக்கு சிஸ்டர்? பேரு நாளைக்கு வீட்டுக்குப் போயிரும். கட்டில் இங்கனதான கெடக்கும்!"

என்ன அறிவு! அவர் போனதும் சிஸ்டர் வார்டு நடுவில் நின்று, "இங்க யாருய்யா காட்கோபர்?" என்று கூவுவார். வயிற்றுவலிக்காரர் ஒருவர் பரிதாபமாகக் கையைத் தூக்குவார்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நேரமாகிவிட்டால் அந்த மனிதர், பெரிய ஸ்டேஷனில் மட்டும் நிற்கிற ஃபாஸ்ட் லோக்கல் ஆகிவிடுவார். தாதர், குர்லா, காட்கோபர், தாணா, அவ்வளவுதான். நடுவில் கிடப்பவர்கள் அநாதை.

ஒரு நாள் காலை பென்சிலின் ஊசி போட்டதும் எனக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியது. "இனிமே இவருக்கு இந்த ஊசி கூடவே கூடாது. அடுத்த டூட்டிக்குச் சொல்லிடுங்க" என்று டாக்டர் அலறினார். ஸ்டேஷன் மாஸ்டர் தலையைப் பலமாக ஆட்டினார். அன்றைக்குப் பார்த்து அவருக்கு நேரமாகிவிட்டது. தாதர், குர்லா, காட்கோபர்... மாட்டுங்காவில் வண்டி நிற்கவே இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து சிஸ்டர் அதே ஊசியோடு வந்தார்.

"எனக்கு இது ஆகாது சிஸ்டர்! காலையில செத்துப் பொழச்சேன்!"

"ஊசின்னா எல்லா ஆம்பளையும் இதத்தான் சொல்லுதான். அண்ணாச்சி ஒண்ணும் சொல்லலியே. திரும்பிப் படும்."

இடுப்பில் பஞ்சு சில்லென்று பட்டது. அப்போது வாசலில் ஒரு கூச்சல்.

"மாட்டுங்காவுக்கு ஊசி போடாதிய!"

ஸ்டேஷன் மாஸ்டர்தான். குர்லா ஸ்டேஷனில் வண்டி மாற இறங்கியவர், நினைவு வந்து திரும்பி ஓடிவந்திருக்கிறார். ஒரு காலில் செருப்பு இல்லை. மன்னிப்புக் கேட்டார் என்றா நினைக்கிறீர்கள்? "உம்மால கல்யாண் ஃபாஸ்ட் போச்சுவே!" என்று என்னைத்தான் ஏசினார். ஏசிக்கொண்டே என் கால்மாட்டில் உட்கார்ந்தவர், சிஸ்டர் அந்த ஊசியைக் கொண்டுபோய் வைக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

இப்போதும் ஃபாஸ்ட் லோக்கல் மாட்டுங்காவில் நிற்காமல் பறக்கும்போதெல்லாம் அந்த ஆளைத் திட்டுகிறேன். திட்டிக்கொண்டே, கதவோரம் தொங்குகிறவர்களில் அந்த முகம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்கிறேன்.