பதினோராவது கையொப்பம் குறித்து மைத்துனருக்கு

பெருமதிப்புக்கும் அன்புக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். உங்கள் நலத்தையும், வீட்டாரின் நலத்தையும், முட்டைக்கோஸ் பயிரின் நலத்தையும் அறிய விரும்புகிறேன். மூன்றாவதைப் பற்றி விசாரிக்கும் தகுதி எனக்கு உண்டா என்பது கீழே பரிசீலிக்கப்படும்.

1. இக்கடிதத்தை எழுதும் நான், உங்கள் அக்காவின் கணவன். வயது அறுபத்து நான்கு. முப்பத்தோரு ஆண்டுகள் சட்ட வரைவாளனாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். தெளிந்த நினைவுடனும், எவருடைய வற்புறுத்தலும் இன்றியும் இதை எழுதுகிறேன். (இவ்வாக்கியத்தின் பிற்பகுதி முழு உண்மையல்ல. உங்கள் அக்கா எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.)

2. ஏரிக் கூட்டுக் குழுவில் நான் எழுத்தன் மட்டுமே. எனக்கு அங்கே நிலமில்லை, மீனில்லை, வாக்கில்லை. கையொப்பமிட வேண்டியவர்கள் பதினொருவர்: காய்கறி பயிரிடுவோர் எழுவர், மீன் வளர்ப்போர் மூவர், குடிநீர் வாரியத்தின் சார்பில் பொறியாளர் ஒருவர்.

3. இன்று புதன்கிழமை. பத்துப் பேர் கையொப்பமிட்டுவிட்டார்கள். பதினோராவது கையொப்பம் உங்களுடையது. அது வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வராவிட்டால் நீர்வளத் துறை தன் தடையாணையைப் பிறப்பிக்கும். கரையிலிருந்து நூறு மீட்டருக்குள் சாகுபடி கூடாது, ஏரிக்குள் தொட்டி கட்டி மீன் வளர்க்கக் கூடாது. உங்கள் நிலம் முழுவதும் அந்த நூறு மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது என்பதை மிகுந்த வருத்தத்துடன் சுட்டிக்காட்டுகிறேன்.

நடந்தவற்றை வரிசையாகச் சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது என்று கருதுகிறேன். சென்ற கோடையில் ஏரி முழுவதும் பாசி படர்ந்து பச்சை மையைக் கொட்டியது போல ஆனதும், மீன்கள் வயிறு தெரிய மிதந்ததும், குழாய்த் தண்ணீரில் குளித்தவர்கள் குளிக்காதவர்களைப் பொறாமையுடன் பார்த்ததும் உங்களுக்குத் தெரியும். வயலிலிருந்து வழியும் உரம்தான் காரணம் என்றார்கள் மீன்காரர்கள்; மீன்களுக்குக் கொட்டும் தீவனம்தான் காரணம் என்றீர்கள் நீங்கள்; இரண்டும்தான் என்று பொறியாளர் சொன்னார், அன்றிலிருந்து இரு தரப்பும் அவருடன் பேசவில்லை. ஆறு மாதத்துக்குள் நீங்களே கூடிப் பேசி, ஒருவர் விடாமல் ஒப்புக்கொண்ட ஏற்பாட்டோடு வந்தால் அதையே விதியாக்குவதாகத் துறை வாக்களித்தது. கரையோரம் பத்து மீட்டர் அகலத்துக்கு உரமும் மருந்தும் போடாத பட்டை ஒன்றை விடுவது என்று முதல் கூட்டத்திலேயே முடிவாயிற்று. அதற்குப் பிடித்த நேரம் முக்கால் மணி. அதன் பிறகுதான், கரை என்றால் எது என்று எழுதித் தரும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள்.

மூன்று வாரம் எழுதினேன். பதினேழு வரைவுகளைக் கிழித்தேன். இறுதியில் 'அளவிடும் நேரத்தில் நீர் நிலத்தைத் தொடும் கோடே கரை' என்று முடித்தேன். இதைவிடக் குறையற்ற வரையறையை என் பணிக்காலத்தில் நான் எழுதியதில்லை என்பதை இன்றும் சொல்வேன். அத்துடன், எவருக்கும் அநீதி நேரக் கூடாது என்பதற்காக, எந்தத் தரப்பும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மறுஅளவீடு கோரலாம் என்று ஆறாவது பிரிவையும் சேர்த்தேன். சேர்த்திருக்கக் கூடாது.

முதல் அளவீட்டுக்கு நாள் குறித்த வாரத்தில் வாரியம் மதகைப் பழுது பார்க்க மூடி வைத்திருந்தது. ஏரி தளும்பி நின்றது. நான் அதை அறியேன். நான் வரைபடத்தை மட்டுமே பார்த்தேன். ஆட்கள் பட்டையின் எல்லைக்குச் சிவப்பு முளைக்குச்சிகளை அடித்துக்கொண்டே போனார்கள். குச்சிகள் உங்கள் முட்டைக்கோஸின் நடுவே ஏறி, உங்கள் பம்ப் அறையின் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று என்று நின்றுகொண்டன. அன்று காலை நீங்கள் தண்ணீர் பாய்ச்ச வந்தபோதுதான் அதைப் பார்த்தீர்கள் என்றும், முன்கூட்டி யாரும் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றும் பிற்பாடு தெரிந்துகொண்டேன். சொல்ல வேண்டியவன் யார் என்ற கேள்விக்கு, வேறொருவரைக் காட்ட முயன்று தோற்றேன்.

பின்னர் மதகு திறந்தது. நீர்க்கோடு நாற்பது அடி பின்வாங்கியது. சிவப்புக் குச்சிகள் மேட்டில் நின்றன. பயிர்க்காரர்கள் ஆறாவது பிரிவின்படி மறுஅளவீடு கோரினார்கள். நீலக் குச்சிகள் வந்தன. மீன்காரர்கள் சும்மா இருப்பார்களா? நீர் ஏறும் நாள் பார்த்து அவர்கள் கோரினார்கள். மஞ்சள் குச்சிகள் வந்தன. இதில் எவரும் எதிர்பாராதது, மதகுக் காவலருக்கு வந்த யோகம்தான். இருபது வருடமாக அவருக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லாதவர்கள் அவருடைய முழங்கால் வலியை விசாரிக்கத் தொடங்கினார்கள். "அண்ணே, திங்கக்கிழமை மட்டும் ஒரு சாண் எறக்கிடுங்கண்ணே" என்று ஒருவர் முட்டைக்கோஸுடன் வர, அவர் போன கையோடு, "அண்ணே, திங்கக்கிழமை மட்டும் ஒரு சாண் ஏத்திடுங்கண்ணே" என்று இன்னொருவர் மீனுடன் வர, அவர் இரண்டையும் வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, வாரியம் சொன்ன அளவிலேயே மதகை வைத்திருந்தார். நான்காவது அளவீட்டின்போது கடையில் வண்ணம் தீர்ந்துவிட்டதால் வெறுங்குச்சி அடித்தார்கள். ஏரிக்கரை ஏதோ விளையாட்டுப் போட்டிக்குத் தயாரானது போல இருந்தது. ஆனால் எந்தக் கோட்டுக்குள் ஓட வேண்டும் என்றுதான் எவருக்கும் தெரியவில்லை.

இந்நிலையில்தான் அந்தக் கூட்டம். குளிர்பதனக் கிடங்கின் பின்னறை, மடக்கு நாற்காலிகள், நடுவில் என் பதினான்கு பக்க வரைவு. நீங்கள் எழுந்து நின்று, "அத்தான், இது யாரு பாத்த கரை? என் பம்ப் ரூமுக்குள்ள எப்ப தண்ணி வந்துச்சு?" என்று கேட்டீர்கள். மிக எளிய கேள்வி. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஆட்சேபம் இருந்தால் எழுத்துமூலம், மூன்று பிரதிகளில் தாருங்கள்" என்றேன். பதினைந்து பேர் சிரித்தார்கள். நீங்கள் நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனீர்கள். இன்றோடு ஐந்து வாரம் ஆகிறது. அக்காவுடன் பேசத் தொலைபேசியில் அழைக்கும்போது நான் எடுத்தால் வைத்துவிடுகிறீர்கள்.

நீங்கள் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது. மீன் வளர்ப்போரில் மூத்தவரான அந்த அம்மாள், எல்லாரும் மீன்கார அக்கா என்று அழைப்பவர், என் வரைவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், நீங்க ஏரியப் பாத்திருக்கீங்களா?" என்றார்.

"வரைபடம் இருக்கிறது" என்றேன்.

"படம் நனையாது சார். செருப்பக் கழட்டிட்டு வாங்க."

போனேன். பொறியாளரும் வந்தார். பயிர்க்காரர்கள் ஒரு பக்கமும் மீன்காரர்கள் ஒரு பக்கமுமாகத் தொடங்கிய நடை, சேறு அதிகமான இடத்தில் ஒருவர் தோளை ஒருவர் பிடிக்க வேண்டி வந்ததால் கலந்துவிட்டது. உங்கள் வயலுக்குக் கீழே வந்ததும் மதகுக் காவலர் நின்று, "இந்தா பாருங்க, நாணல். வருசத்துல பாதி நாள் தண்ணி எங்க நிக்குமோ அதுவரைக்கும்தான் இது வளரும். அதுக்கு மேல ஒரு அடி ஏறாது. நான் ஏத்தினாலும் எறக்கினாலும் இது எடத்த மாத்தாது" என்றார். பொறியாளர் தன் நீர்மட்ட அளவுப் புத்தகத்தைப் பார்த்தார், நாணலைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். "சரியாத்தாங்க சொல்றாரு" என்றார். மீன்கார அக்கா என்னிடம் திரும்பி, "பதினாலு பக்கம்!" என்று மட்டும் சொன்னார்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. நாணல் வரிசையே கரை. அதிலிருந்து பத்து மீட்டர் பட்டையில் புல் வளர்ப்பது. அந்தப் புல்லை மீன்காரர்கள் அறுத்துப் புல் தின்னும் புல்கெண்டை மீனுக்குப் போடுவது, அந்த அளவுக்கு மூட்டைத் தீவனத்தைக் குறைப்பது. மீன்தொட்டி வண்டலைப் பயிர்க்காரர்கள் எடுத்து வயலுக்கு இடுவது, அந்த அளவுக்கு உரத்தைக் குறைப்பது. வாரம் ஒருமுறை நீரைச் சோதித்து முடிவை அலுவலகத்தில் பூட்டி வைக்காமல் மதகுக் காவலரின் கதவில் ஒட்டுவது. இவற்றில் ஒன்றைக்கூட நான் யோசிக்கவில்லை. எழுத மட்டும் செய்தேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. அதன்படி உங்கள் நிலத்தில் கடைசி நான்கு வரிசை மட்டுமே பட்டைக்குள் போகும். பம்ப் அறை பதினெட்டு அடி தள்ளிப் பாதுகாப்பாக நிற்கிறது. காவலர் காலால் அளந்தார், நானும் அளந்தேன்.

ஆகவே ஒப்பந்தம் உங்களுக்கு நன்மையானதே. எஞ்சியிருப்பது என் நடத்தை. அதைப் பொறுத்தவரை, மேற்படி கூட்டத்தில் நான் கூறிய சொற்கள் தங்களுக்கு மனவருத்தம் ஏற்படுத்தியிருக்குமெனில், அவ்வாறு ஏற்படுத்தியிருக்கும் அளவுக்கு உட்பட்டு,

(இவ்விடத்தில் உங்கள் அக்கா தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை எழுத எத்தனை உட்பிரிவு வேணும் உங்களுக்கு? அவன் என்ன கோர்ட்டா?" என்று கேட்டார். மேற்கண்ட வாக்கியம் முடிக்கப்படாமல் விடப்படுகிறது.)

கோபத்துக்கு நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கோபத்துக்கு மற்ற ஒன்பது பேருடைய வயலும் தொட்டியும், உங்கள் வயலும் பலியாகக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் யோசித்து முடிவு செய்யுங்கள். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். பயிர் செழிக்கட்டும், உடல் நலம் சிறக்கட்டும்.

இங்ஙனம்,
(ஒப்பம்)
சட்ட வரைவாளர் (ஓய்வு), எழுத்தர், ஏரிக் கூட்டுக் குழு

சாட்சிகள்:
மதகுக் காவலர்
மீன்கார அக்கா

பின்குறிப்பு: சாட்சிக் கையொப்பம் இடுவதற்கு முன் கடிதத்தை வாசித்துக் காட்டும்படி இருவரும் கேட்டதால் வாசித்தேன். இருபது நிமிடம் பிடித்தது. முடிந்ததும் மீன்கார அக்கா, "அவரு வீடு எவ்வளவு தூரம் சார்?" என்று கேட்டார். இருபது நிமிட நடை என்றேன். "அப்ப இத வாசிச்ச நேரத்துல நீங்க அங்க போய்ச் சேந்திருக்கலாம். அவருக்கு நாணலும் வேணாம், பட்டையும் வேணாம். கோவம் ஒப்பந்தத்து மேல இல்ல சார், உங்க மேல. நாலு பேருக்கு நடுவுல கேட்டதுக்கு நேரா பதில் சொல்லிருந்தா அன்னிக்கே போட்டிருப்பாரு கையெழுத்த" என்றார். மதகுக் காவலர் தலையாட்டினார். உங்கள் அக்கா என் குடையை எடுத்துக் கொடுத்தார்.

ஆகவே மேலே எழுதப்பட்ட அனைத்தும் இத்தால் திரும்பப் பெறப்படுகிறது. இதைக் கதவுக்கு அடியில் நுழைத்தது நான்தான். நீங்கள் இதைப் படிக்கும்போது வாசலில் நிற்கிறேன். தட்டுவதற்குக் கை வராது, பழக்கமில்லை. ஒப்பந்தத்தை எடுத்து வரவில்லை, பேனாவும் இல்லை. வெள்ளிக்கிழமையைப் பற்றி நீங்களாகக் கேட்டால் ஒழிய நான் பேசமாட்டேன். அன்றைக்கு நான் அப்படிச் சொன்னது தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள். மீதியைப் படிக்க வேண்டாம், கதவைத் திறங்கள்.

அத்தான்

சாட்சிகள்: மதகுக் காவலர், மீன்கார அக்கா (இருவரும் எனக்குப் பின்னால், வரப்பில் நிற்கிறார்கள்)