எலிகளிடம் மன்னிப்புக் கேட்ட கணையம் சார்

விருதுநகர் மாவட்டத்தில் வெடிக்குப் பயந்தவர்கள் உண்டு, வெயிலுக்குப் பயந்தவர்கள் உண்டு. எலியின் மனம் நோகுமோ என்று பயந்து வாழ்ந்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். கணையம் சார்.

சம்பளப் பட்டியலில் அவருக்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. மாதாமாதம் அதை அடித்தவன் நான்தான். ஆனாலும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவே ஒரு பட்டாசு முதலாளி கட்டிய பார்மசி கல்லூரியில் நான் ஆபீஸ் கிளார்க், அவர் ஆராய்ச்சிப் பேராசிரியர். இதயம், ரத்தக்குழாய், கணையம் மூன்றையும் வெள்ளெலிகளில் ஆராய்வது அவர் வேலை. மற்ற உறுப்புகளை அவர் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை.

"கல்லீரலா? அது பிரமோஷன் வாங்குன ஆளு தம்பி. இருக்கிற இடம் எல்லாருக்கும் தெரியும். கணையம் இருக்கே, அது இரைப்பைக்குப் பின்னால ஒளிஞ்சு கெடந்து வேலை பாக்கும். ஒருத்தன் திரும்பிப் பாக்கமாட்டான். அது படுத்துருச்சுன்னா அம்புட்டுப் பேரும் ஓடியாருவான்."

கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனால், மாப்பிள்ளை என்ன படிச்சிருக்கார் என்று கேட்கமாட்டார். "சாப்பாட்டுக்கு முன்னால சர்க்கரை எவ்வளவு?" என்பார். அதனால் கல்லூரியில் பத்திரிகை வைப்பவர்கள் அவருடைய மேஜையில் வைத்துவிட்டு அவர் வருவதற்குள் ஓடிவிடுவார்கள்.

ஒருநாள் எண்ணெய் பரோட்டாக் கடைக்கு அவரோடு போகும் தவறைச் செய்தேன். கல்லில் பரோட்டா எண்ணெயில் மிதந்து பொரிவதையே பார்த்துக்கொண்டிருந்தவர், பக்கத்து மேஜைக்காரர்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"இதே மாதிரி கொழுப்பைத்தான் எலிக்குப் பல வாரமாக் குடுத்தேன். பெறகு மகாதமனியை எடுத்துப் பாத்தா, உள்ளுக்குள்ள பூரா..."

ஒரு குடும்பம் பாதி சால்னாவோடு எழுந்தது. மாஸ்டர் கரண்டியோடு வந்தார்.

"சார், நீங்க படிச்சவுக. ஒங்க எலிக்கு என்ன வேணாலும் குடுங்க. என் ஏவாரத்துல வந்து அறுத்துப் போடாதீக."

"சரி சரி. எனக்கு மூணு வைங்க."

மூன்றையும் சாப்பிட்டார். அறிவியல் எலிக்கு, பரோட்டா மனிதனுக்கு என்பது அவருடைய கொள்கையாக இருந்திருக்கவேண்டும்.

எலிகளின் ரத்த அழுத்தம் அளப்பது பெரிய சடங்கு. எலியைச் சின்னக் கூண்டுக் குழாயில் விட்டு, வாலில் மோதிரம்போல ஒரு பட்டை மாட்டி, அது அமைதியாகும்வரை காத்திருக்கவேண்டும். அந்த அறைக்கு வெளியே நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்போம். கோயிலில்கூட அப்படி நடந்ததில்லை. ஆனால் கல்லூரிச் சுவருக்கு அந்தப் பக்கம் முதலாளியின் பட்டாசுத் தொழிற்சாலை. புது ரகம் செய்தால் காலை நேரத்தில் மைதானத்தில் வெடித்துப் பார்ப்பார்கள். ஒரு வெடி போட்டால் எலியின் அழுத்தம் கூரைக்குப் போகும். கணையம் சாரின் அழுத்தம் அதற்கும் மேலே போகும்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்து, மூன்றாம் நாள் அவர் சுவரைச் சுற்றிப் போய் முதலாளி முன்னால் நின்றார். முதலாளியை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்போம்.

"அண்ணாச்சி, பத்து மணியிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் வெடிக்காதீக. எலிக்கு நெஞ்சு படபடங்குது."

அண்ணாச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் சார், சிவகாசியில வந்து வெடிக்காதேங்கிறீக. தூத்துக்குடிக்குப் போயி கடலை அலையடிக்காதேம்பீகளா?"

"அலைக்கு எலி பயப்படாது அண்ணாச்சி."

இது நகைச்சுவை இல்லை. அவர் யோசித்துத்தான் சொன்னார். கடைசியில் வெடிச் சோதனை மத்தியானத்துக்கு மாறியது. எலிகளுக்காகப் பட்டாசுக் கம்பெனி நேரம் மாறியது அந்த வட்டாரத்தில் அதுவே முதல் தடவை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஆராய்ச்சி முடிந்து எலியை மயக்கி உயிரெடுக்கும் நாளில், ஒவ்வொரு எலியையும் உள்ளங்கையில் வைத்து, "மன்னிச்சுக்க. வீணாக்கமாட்டேன்" என்பார். நான் இதை நடித்துக் காட்டி ஸ்டாஃப் ரூமில் நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன். எலியாகவும் நானே நடிப்பேன்.

அப்போதுதான் பொடி வந்தது. அண்ணாச்சியின் மைத்துனர் சர்க்கரை நோய்க்கு ஒரு மூலிகைப் பொடி தயாரித்திருந்தார். டப்பா அச்சடித்தாகிவிட்டது. ஒரு வேன் முழுக்க 'சர்க்கரைக்கு விடை கொடுங்கள்' என்று பெயின்ட் அடித்தாகிவிட்டது. பொடி வேலை செய்கிறது என்று ஒரு ஆராய்ச்சி மட்டும்தான் பாக்கி.

கணையம் சார் ஒப்புக்கொண்டார். எலிகளை நாலு கூட்டமாகப் பிரித்தார். ஒன்று ஆரோக்கியமான எலிகள். மற்ற மூன்றும் ஊசி போட்டுக் கணையம் கெட்ட எலிகள். அந்த மூன்றில் ஒன்றுக்கு வெறும் தண்ணீர், ஒன்றுக்கு டாக்டர்கள் கொடுக்கும் மாத்திரை, ஒன்றுக்குப் பொடி. எந்தக் கூண்டுக்கு எது என்று தனக்கே தெரியக்கூடாது என்றார். தெரிந்தால் கண் தானாக ஒரு பக்கம் சாயுமாம். அதனால் மருந்துக் குப்பிகளில் அ, ஆ, இ, ஈ என்று எழுத்து ஒட்டிக் கொடுப்பதும், எது எது என்ற தாளை உறையில் போட்டு ஒட்டி பீரோவில் வைப்பதும் என் பொறுப்பு ஆனது.

"ஏன் சார் நான்?"

"ஒங்களுக்கு அறிவியல் ஒண்ணும் தெரியாதுல்ல, அதான்."

எலிகளைப் பார்த்துக்கொண்டவர் முத்துலட்சுமி அக்கா. எம். புதுப்பட்டியிலிருந்து வருவார். முன்பு பட்டாசுக்குத் திரி சுற்றியவர், இப்போது கூண்டு கழுவுகிறவர். அவருக்கும் சர்க்கரை உண்டு. மாத்திரையைப் பெயருக்குத்தான் சாப்பிடுவார் என்று கணையம் சார் தினமும் திட்டுவார்.

ஆராய்ச்சி முடிய ஒரு வாரம் இருக்கும்போது அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டனுப்பினார். டீ வந்தது. பிஸ்கட்டும் வந்தது. பிஸ்கட் வந்ததுமே நான் சுதாரித்திருக்கவேண்டும்.

"தம்பி, அந்த எழுத்துத் தாளு ஒங்கிட்டதான இருக்கு? மாத்திரை எது, பொடி எது?"

"இ மாத்திரைங்க, ஈ பொடிங்க."

"அதை லேசா மாத்திரு. ரெண்டும் ஒரே எழுத்து மாதிரிதான இருக்கு."

சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் மிரட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. அன்று மாலையே புதுத் தாள் எழுதி, புது உறையில் ஒட்டி, பீரோவில் வைத்தேன். இவ்வளவு நேரம் அவரைக் கேலி செய்துகொண்டிருந்தவன் செய்த வேலை இது.

உறையைப் பிரித்த அன்று கணையம் சார் குழந்தையாகிவிட்டார். என்னை இழுத்துக்கொண்டு போய் நுண்ணோக்கியில் குனியவைத்தார்.

"பாருங்க தம்பி, இந்தத் திட்டுத் திட்டா இருக்கே, எம்புட்டு அழகாப் பொழைச்சிருக்கு! பொடி சாப்பிட்ட எலியோட கணையம்! நான் நம்பவே இல்ல, நம்ம ஊர்ப் பொடி மாத்திரையையே தோக்கடிச்சிருச்சு!"

எனக்கு ஊதா நிறத்தில் என்னவோ தெரிந்தது. "ஆமா சார்" என்றேன்.

அந்தச் சந்தோஷத்தை அவர் ஆளுக்காளாய்ச் சொன்னார். முத்துலட்சுமி அக்காவிடமும் சொன்னார். அக்கா மாத்திரையை நிறுத்திவிட்டு, அண்ணாச்சி வீட்டில் இலவசமாகக் கொடுத்த பொடியைச் சாப்பிட ஆரம்பித்தது அப்போது யாருக்கும் தெரியாது.

சில வாரம் கழித்து, ஒரு காலையில் எலிக்கூடத்தில் கூண்டு விழும் சத்தம். ஓடிப்போனோம். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். உதடு காய்ந்திருந்தது.

"கிறுகிறுன்னு வருது சார். ராவெல்லாம் தண்ணியாக் குடிக்கேன்."

எலி வாலில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் மீட்டரில் சார் அக்காவின் விரலைக் குத்திப் பார்த்தார். மீட்டர் எண்ணே காட்டவில்லை. அளக்கமுடியாத அளவு என்று அர்த்தம். வாசலில் நின்றிருந்தது பொடி வேன் ஒன்றுதான். 'சர்க்கரைக்கு விடை கொடுங்கள்' என்று எழுதிய அந்த வண்டியில்தான் அக்காவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறியதை வழியில்தான் அக்கா சொன்னார்.

சலைன் ஏறிக்கொண்டிருக்கும்போது வராந்தாவில் சார் புலம்பினார். "எலிக்குக் கேட்டுச்சே தம்பி. மனுசருக்கு ஏன் கேக்கல? நான் எங்க தப்புப் பண்ணேன்?"

அந்தக் கேள்வியை என்னால் தாங்கமுடியவில்லை. சொன்னேன். டீ, பிஸ்கட், இ, ஈ, எல்லாவற்றையும்.

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அதுககிட்ட வீணாக்கமாட்டேன்னு சொன்னேன் தம்பி" என்றார். இனி என் வாழ்நாளில் எலியாக நடிக்கமுடியாது என்று அப்போது தெரிந்துவிட்டது.

அந்த வாரமே சிவகாசியில் ஒரு மண்டபத்தில் பொடி அறிமுக விழா. சாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"ஆராய்ச்சியில எழுத்து மாறிப்போச்சு. பொடி சாப்பிட்ட எலிகளுக்குச் சர்க்கரை கொறையல. யாரும் மாத்திரையை..."

அண்ணாச்சி கண்ணைக் காட்டினார். வாசலில் பத்தாயிரம் வாலாவுக்குத் தீ வைத்தார்கள். அது எவ்வளவு நேரம் வெடிக்கும் என்று சிவகாசிக்காரர்களுக்குச் சொல்லவேண்டாம். மண்டபம் முழுக்கப் புகை. சார் மைக்கைப் பிடித்தபடி, பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி நின்றார். கடைசி வெடி வெடித்தது. ஒரு நிமிடம் யார் காதிலும் எதுவும் விழவில்லை. அதற்கும் காத்திருந்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"...நிறுத்தாதீக. எழுத்தை மாத்தி வச்சது என் தப்பு."

என் பெயரை அவர் அங்கேயும் சொல்லவில்லை, மறுநாள் விசாரணையிலும் சொல்லவில்லை. கவனக்குறைவு என்று எழுதி அவரை வெளியேற்றினார்கள். அந்தக் கடிதத்தை அடித்ததும் நான்தான். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் அடித்தேன். பொடி இப்போதும் விற்கிறது. டப்பாவில் 'எலிகளில் சோதிக்கப்பட்டது' என்று போட்டிருக்கிறார்கள். அது பொய்யில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். முத்துலட்சுமி அக்கா நாலு நாளில் எழுந்து வந்தார். நான் ஆறு மாதம் கழித்து அந்த வேலையை விட்டேன். அதற்குமேல் அந்தப் பீரோவைத் திறக்கமுடியவில்லை.

போன மாதம் காரியாபட்டிப் பக்கம் ஒரு சின்னக் கல்லூரியில் அவர் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வாசல்வரை போய் இரண்டு தடவை திரும்பினேன். மூன்றாவது தடவை அவரே பார்த்துவிட்டார். வகுப்பில் இருந்த மாணவர்களிடம் என்னை இழுத்துப்போய் நிறுத்தி, "இவர் பழைய காலேஜுல என்கூட இருந்தவர். ஒரு தப்பு நடந்தப்ப, யாரும் கேக்காம தானா வந்து உண்மையைச் சொன்ன ஆளு" என்றார்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், அது சுத்தமாகத்தான் இருந்தது.