ஏரியிடம் ஒரு விசாரணை

மதில் கட்டி முடித்த பிறகுதான் அந்த நாட்டுக்குப் பெயர் வைத்தார்கள்: மதிலகம். அதற்கு முன் அங்கே வயல் இருந்தது, சந்தை இருந்தது, மக்கள் இருந்தார்கள். பெயர் வைக்கும் அளவுக்கு எதுவும் இல்லை என்று அரசவை கருதியிருந்தது.

மதிலுக்கு ஒரே ஒரு வாயில். மாலையில் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி, அரசரின் முத்திரையை அதில் அழுத்துவார்கள். முதல் நாள் மாலை முத்திரை விழுந்திருந்தால்தான் மறுநாள் அது வாயில். விழாவிட்டால் அது வெறும் வழி. வழியில் போகிறவரைத் தடுக்கக் காவலருக்கு அதிகாரமில்லை. மதிலகத்தின் முதல் சட்டம் இதுதான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் அதைப் பூட்டியவர்களைப் புரிந்துகொள்ள முடியாது.

ஒரு கோடையில் அரண்மனை மயில் காணாமல் போனது. அரசரின் மைத்துனர் அதை விருந்துக்குச் சமைக்கச் சொன்னார் என்பது சமையலறையில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே வெளியூரார் மீது ஒரு சட்டம் போடப்பட்டது.

சட்டத்தை எழுதியவர் காவல் அமைச்சர் சீர்நோக்கர். அவர் வகுத்த முறை எளிமையானது. உள்ளே குடியேற விரும்புகிறவர் வாயிலருகே உள்ள சன்னலில் விண்ணப்பிக்க வேண்டும். அடுத்த பௌர்ணமியன்று ஒரு காவலர் விண்ணப்பித்தவரின் சொந்த ஊருக்குப் போய்த் தமுக்கடித்து, “இன்னார் மீது யாருக்காவது குறை உண்டா?” என்று மூன்று முறை கேட்பார். “குறை இல்லை” என்று ஊர் பதில் சொன்னால் நன்னடத்தை உறுதியாகும். இதனுடன் உடல்நலச் சான்றும் வேண்டும். அது ஒரு பௌர்ணமியிலிருந்து மறு பௌர்ணமி வரை செல்லும். தமுக்கின் முடிவு பௌர்ணமிக்கு மறுநாள் வரும். ஆக, முடிவு வரும்போது சான்று நேற்றோடு காலாவதியாகியிருக்கும். இரண்டு துறைகள் இவ்வளவு துல்லியமாக ஒத்துழைப்பதை வேறெந்த நாட்டிலும் காண முடியாது.

செங்கமலம் என்ற பெண்மணி அந்தச் சன்னலுக்கு வந்தது இதற்குப் பிறகுதான். அவளுடைய ஒரே மகள் பூங்கோதை சட்டத்துக்கு முன்பே மதிலகத்தில் வாழ்க்கைப்பட்டு, அரண்மனைத் தெருவில் கணவனோடு வெற்றிலைக் கடை நடத்திவந்தாள். இப்போது நிறைமாதம். பிரசவத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், பேரப்பிள்ளைக்கு முதல் குளியல் தன் கையால் ஊற்ற வேண்டும். செங்கமலம் கேட்டது அவ்வளவுதான். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்தைச் சுக்கும் திப்பிலியும் இடித்து, கருப்பட்டிப் பாகில் கிளறி, ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தாள்.

சன்னலுக்குப் பின்னால் எழுத்தர் சிற்றம்பலம் உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதர் அல்ல. எந்த மனிதரும் அல்ல என்று சொல்வதே பொருந்தும்.

“சொந்த ஊர்?”

“நாணற்குடி தம்பி.”

“அங்கு விசாரிப்போம். அதுவரை உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.”

“நான் வேணா காத்திருக்கேன். இந்த மருந்தையாவது மககிட்ட குடுத்துருங்க.”

சிற்றம்பலம் வாளியைத் திறந்து முகர்ந்தார். “இந்தச் சுக்கு எந்த ஊர்?”

“சுக்குக்கு ஏது தம்பி ஊரு? மலையிலேருந்து வருது.”

“எந்த மலை?”

வாளி செங்கமலத்திடமே திரும்பியது.

நாணற்குடியைப் பற்றி ஒரு சிறு விவரம். மதிலைச் சுற்றி அகழி வெட்டினார்கள், அகழிக்கு நீர் வேண்டியிருந்தது, ஆகவே ஆற்றை மறித்து ஏரி அமைத்தார்கள். அந்த ஏரியின் அடியில் இருக்கிறது நாணற்குடி. பௌர்ணமியன்று காவலர் ஏகாம்பரம் தமுக்கோடு அங்கே போனபோது, ஊர் இருக்க வேண்டிய இடத்தில் நாரைகள் நின்றன. அவர் கடமை தவறாதவர். கரையில் நின்று, ஏரியைப் பார்த்து மூன்று முறை கேட்டார். ஒரு மீன் துள்ளியது. அதைப் பதிலாகக் கொள்ளலாமா என்று யோசித்து, விதியில் இடமில்லாததால் திரும்பிவிட்டார்.

“ஊர் பேசவில்லையா?” என்றார் சீர்நோக்கர்.

“தண்ணிதாங்க இருக்கு. ஊரையே காணோம்.”

“நான் கேட்டது அதுவல்ல. பதில் வந்ததா, இல்லையா?”

“வரலைங்க.”

அமைச்சர் சாய்ந்து உட்கார்ந்தார். “ஓர் ஊரே வாய் திறக்க அஞ்சுகிறது என்றால், அந்த அம்மையார் எப்பேர்ப்பட்டவராக இருக்க வேண்டும்! எழுதிக்கொள்ளும்: மௌனம் பதிலாகாது. பதில் வரும்வரை பௌர்ணமிதோறும் கேட்கப்படும்.”

இப்படித்தான் சீர்நோக்கரின் இரண்டாவது சட்டம் பிறந்தது. வாயிலின் கம்பிகளுக்கு அப்பால் நின்று பூங்கோதை தாயிடம் விவரம் கேட்டாள்.

“என்னம்மா சொல்றாங்க?”

“ஊரு பதில் சொல்லலியாம்டி.”

“நம்ம ஊரா? அதுதான் தண்ணிக்குள்ள கிடக்கே!”

“அதைத்தான் நானும் சொன்னேன். தண்ணிக்குள்ள கிடந்தா காது கேக்காதாங்கறாங்க.”

பூங்கோதை சிரித்தாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு கம்பியில் சாய்ந்தாள். காவலர்கள் அவளை உள்பக்கம் நகரச் சொன்னார்கள், தாயை வெளிப்பக்கம் நகரச் சொன்னார்கள். அந்த வாரமே பெண் குழந்தை பிறந்தது. பக்கத்து வீட்டுப் பால்காரிதான் கூட இருந்தாள். செய்தியை வெளியே கொண்டுவந்தவர் ஏகாம்பரம். “அழகா இருக்கும்மா, உங்க மூக்கு” என்றார். செங்கமலம் தூக்குவாளியைத் திறந்து பார்த்தாள். மருந்தின் மேல் வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

காத்திருப்போர் கொட்டகையில் நாணற்குடியைச் சேர்ந்தவர்கள் இன்னும் பலர் இருந்தார்கள். ஒருநாள் செங்கமலம் அவர்களைக் கூட்டிவைத்துச் சொன்னாள்: “ஊரு பேசணும், அவ்வளவுதானே? ஊருன்னா நாமதானே? போய்ப் பேசிட்டு வருவோம்.”

வாழைத்தண்டுகளைச் சேர்த்துக் கட்டித் தெப்பம் செய்தார்கள். அடுத்த பௌர்ணமியன்று ஏரியின் நடுவே, கோயில் கோபுரம் மூழ்கிய இடத்துக்கு நேர் மேலே, மிதந்துகொண்டு காத்திருந்தார்கள். ஏகாம்பரம் தமுக்கை அடித்து முதல் முறை கேட்டதுமே “குறை இல்லை!” என்று ஏரி முழங்கியது. அந்தச் சத்தத்தில் நாரைகள் எழுந்து பறந்தன. ஏகாம்பரத்துக்கு மகிழ்ச்சியில் கோல் கைநழுவித் தண்ணீரில் விழுந்தது. அதை எடுத்துக் கொடுத்ததும் தெப்பத்தில் இருந்தவர்கள்தான்.

சீர்நோக்கர் இந்தப் பதிலை ஏற்றுக்கொண்டார். அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் விதியை மீறியதாக யாரும் சொல்லிவிடக் கூடாது. செங்கமலத்தை நேரில் அழைத்து வாழ்த்தினார்.

“அம்மையீர், உமது நன்னடத்தை ஐயத்துக்கு இடமின்றி உறுதியாயிற்று.”

“ரொம்ப நன்றிங்கய்யா. அப்ப நான் உள்ள போகலாமா?”

“அதெப்படி? உமது ஊர் உயிரோடு இருக்கிறது, கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்கிறது. வாழ ஊர் இருக்கையில் இங்கே எதற்கு வர வேண்டும்? விண்ணப்பம் தள்ளுபடி. ஊர் திரும்பி, அங்கிருந்து புதிதாக விண்ணப்பியும்.”

“அங்க எப்படிங்கய்யா இருக்கறது?”

“முன்பு எப்படி இருந்தீரோ, அப்படியே.”

கூடவே மூன்றாவது சட்டத்தையும் அவர் பிறப்பித்தார். இனிமேல் பதில் சொல்கிறவர் அந்தந்த இடத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். அழைத்து வரப்பட்டவர், கூலி வாங்கியவர், அரசு ஊதியம் பெறுகிறவர் ஆகியோரின் குரல் செல்லாது. கேட்பவர் தூண்டக் கூடாது. பதில் தானாக வர வேண்டும். நேர்மையான சட்டம். எழுதியவருக்கே அது எவ்வளவு நேர்மையானது என்று அப்போது தெரியவில்லை.

செங்கமலம் புதிதாக விண்ணப்பித்தாள். விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தது.

மதிலகத்தின் உள்ளே என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொறி என்பது இரண்டு பக்கமும் சுற்றும். பௌர்ணமிதோறும் காவலர்கள் தமுக்கோடு தொலைதூர ஏரிகளுக்கும் மணல்மேடுகளுக்கும் போய்விட்டார்கள். தெருவில் காவல் இல்லை. ஆடு காணாமல் போனது, அண்டா காணாமல் போனது, வெற்றிலைக் கடையின் தராசுகூடக் காணாமல் போனது. திருட்டு பெருகியதால் வெளியூராரை இன்னும் கடுமையாக விசாரிக்க வேண்டும் என்றார் சீர்நோக்கர். அதற்காக இன்னும் அதிகக் காவலர்கள் வெளியே போனார்கள். திருட்டு இன்னும் பெருகியது.

அரசர் நெடுமதிலார் ஒருநாள் கவலையோடு கேட்டார்: “சீர்நோக்கரே, சட்டம் போட்ட பிறகு வெளியூரார் ஒருவர்கூட உள்ளே வரவில்லையே. பின் யார் திருடுகிறார்கள்?”

“அதுதான் அபாயம், மன்னவா. ஒருவரும் வரவில்லை, ஆனாலும் திருட்டு நடக்கிறது. அப்படியானால் அவர்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள். நம்மவர்களைப் போலவே உண்கிறார்கள், உடுத்துகிறார்கள், நம் மொழியைப் பிழையின்றிப் பேசுகிறார்கள். அவ்வளவு தந்திரம்!”

அரசர் மதிலை ஒருமுறை பார்த்தார். மதிலுக்குள்ளே இருந்த கூரைகளையும் பார்த்தார். முதன்முறையாக அவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தன.

அவருடைய நான்காவது சட்டம் இது: அடுத்த பௌர்ணமி முதல், மதிலகத்தில் பிறந்தவர் உட்பட அனைவருடைய நன்னடத்தையும் அவரவர் தெருவில் தமுக்கடித்து உறுதி செய்யப்படும். பதில் வரும்வரை அவர் பரிசீலனையில் இருப்பார். பரிசீலனையில் இருப்பவர் கிடங்கில் தானியம் வாங்க முடியாது, தேர்தலில் கல் போட முடியாது, எந்தப் பதவிப் பொருளையும் கையால் தொட முடியாது. மதிலகத்தில் அரசரைக் குடத்தில் கல் போட்டுத்தான் தேர்ந்தெடுத்தார்கள். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. எந்தெந்தத் தெருவுக்குத் தேர்தல் முடிந்த பிறகு தமுக்கு போகும் என்று அமைச்சர் முன்கூட்டியே வரிசைப்படுத்தியிருந்தார்.

தெருக்களில் முணுமுணுப்பு எழுந்தது. அதை அடக்க அமைச்சருக்கு ஒரு யோசனை தோன்றியது.

“மன்னவா, முதல் தமுக்கு தங்களுக்காக அடிக்கட்டும். தாங்களே சோதனைக்கு உட்படுகிறீர்கள் என்றால் யார் வாய் திறப்பார்?”

“பதில் சொல்வார்களா?”

“தங்கள் மீது குறை இல்லை என்று சொல்ல யாருக்காவது கூச்சம் இருக்குமா?”

பௌர்ணமி நாள் காலை. அரண்மனைத் தெருவில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். அரசர் மாடத்தில் நின்றார். அமைச்சர்கள், படைத்தலைவர்கள், புலவர்கள் எல்லோரும் ஊதியம் பெறுகிறவர்கள், ஆகவே சட்டப்படி ஒதுங்கி நின்றார்கள். தெருவின் இரு பக்கமும் அங்கே குடியிருப்பவர்கள்: கொல்லர், பூக்காரி, பால்காரி, வெற்றிலைக் கடை வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பூங்கோதை.

ஏகாம்பரம் தமுக்கை அடித்தார்.

“மாமன்னர் நெடுமதிலார் மீது யாருக்காவது குறை உண்டா?”

ஒருவரும் பேசவில்லை. பூக்காரி தொடுத்துக்கொண்டிருந்த சரத்தில் ஒரு முடிச்சைப் போட்டாள்.

இரண்டாம் முறை கேட்டார். கொல்லர் இருமினார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “தூசி” என்றார்.

ஏகாம்பரத்துக்கு வியர்த்தது. தூண்டக் கூடாது என்பது சட்டம். இருந்தும் தெரிந்த முகமாயிற்றே என்று பூங்கோதையின் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்: “ஏம்மா, ரெண்டே வார்த்தைதானே. யாராச்சும் சொல்லித் தொலைங்களேன்.”

“எங்க ஊருப் பழக்கம்ணே” என்றாள் பூங்கோதை. “தமுக்கடிச்சா நாங்க பேசறதில்லை. உங்களுக்குத் தெரியாததா?”

பால்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாம் முறை கேட்கப்பட்டது. தெரு முழுவதும் ஏரியைப் போலக் கிடந்தது. மாடத்தில் அரசர் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பை நிறுத்தினார். “அச்சத்தால் பேசவில்லை, மன்னவா. அதாவது மரியாதையால்” என்று அமைச்சர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. மௌனம் பதிலாகாது என்று அவர் எழுதியதும் எல்லோருக்கும் நினைவிருந்தது.

மாலையில் வாயிலில் அரக்கை உருக்கினார்கள். முத்திரையை அரசர் தொடக் கூடாது, அவர் பரிசீலனையில் இருக்கிறார். அமைச்சர் தொடக் கூடாது, அவருக்கு இன்னும் தமுக்கே அடிக்கவில்லை. படைத்தலைவரும் அப்படியே. நாடு முழுவதும் தேடியும் சரிபார்க்கப்பட்ட ஒரு கை கிடைக்கவில்லை. அரக்கு சட்டியிலேயே இறுகியது.

மறுநாள் காலையில் அது வெறும் வழி.

கொட்டகையில் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் நம்பாமல் பார்த்தார்கள். சிலர் பழக்கத்தால் சன்னல் வரிசையிலேயே நின்றார்கள். செங்கமலம் தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு நடந்தாள். காவலர்கள் சட்டத்தை நினைவுபடுத்திக்கொண்டு ஈட்டியை உயர்த்தி வழிவிட்டார்கள்.

சிற்றம்பலம் சன்னலிலிருந்து தலையை நீட்டினார். “அம்மா! எங்கே போகிறீர்கள்? உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது!”

“இருக்கட்டும் தம்பி. ராசாவோடதுக்குப் பக்கத்துல பத்திரமா வச்சிருங்க.”

கடை வாசலில் ஒரு குழந்தை தன் கால்களால் நின்றுகொண்டிருந்தது. முதல் குளியலுக்கு மிகவும் தாமதமாகிவிட்டது. செங்கமலம் உள்ளே போய் அடுப்பில் வெந்நீர் வைத்தாள்.

அதன் பிறகு பௌர்ணமிதோறும் ஏகாம்பரம் அரண்மனைத் தெருவுக்குத் தமுக்கோடு வருகிறார், மூன்று முறை கேட்கிறார். கேட்டுவிட்டு வெற்றிலைக் கடையில் உட்கார்ந்து ஒரு பிடி வெற்றிலை போட்டுக்கொள்கிறார். மறுநாள் காலையில் பட்டுச் சால்வை போர்த்திய ஒருவர் சன்னலுக்கு வந்து நிற்பதைப் பார்த்தவர்கள் உண்டு. சிற்றம்பலம் தலை நிமிர்வதில்லை.

“சொந்த ஊர்?” என்று கேட்கிறார்.