ஏழும் நிறைஞ்சிருக்கு

வாழ்க்கையில் எனக்கு ஒரே ஒரு பாராட்டுக் கடிதம்தான் வந்திருக்கிறது. நான் செய்த மிகப் பெரிய தப்புக்கு வந்த கடிதம் அது. தண்டனை வேறொருவருக்குப் போனது. இதை வேடிக்கையாகச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டேன். கேட்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் கூடச் சிரிப்பேன். சிரித்து முடித்தபிறகு வீட்டுக்குள் போய்க் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கோவில்பட்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிகக் கணினி இயக்குபவர். சுற்று வட்டாரத்து நினைவு மண்டபங்களையும் சின்னச் சின்ன அருங்காட்சியகங்களையும் பார்த்துக்கொள்ளும் அலுவலகம் அது. வேலையில் சேர்ந்து இரண்டே மாதம். அடையாள அட்டையைக் குளிக்கப் போகும்போது மட்டும் கழற்றுவேன். (பலசரக்குக் கடைக்குக்கூடக் கழுத்தில் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். கடைக்கார அண்ணாச்சி, "என்னம்மா, ஆஸ்பத்திரியில பெட்டு கெடச்சிருச்சா?" என்று கேட்டார்.)

ஒரு வெள்ளிக்கிழமை காலை சென்னையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. எங்கள் பொறுப்பில் உள்ள ஒவ்வோர் இடத்திலும் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஆள் இருப்பது எத்தனை, காலி எத்தனை என்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். கீழே ஒரு குறிப்பு. பத்து வருடத்துக்கு மேல் தொகுப்பூதியத்தில் வேலை பார்ப்பவர்களை, அந்தந்த இடத்தில் காலிப் பணியிடம் இருந்தால், நிரந்தரமாக்கப் போகிறார்கள். இருந்தால் மட்டும்.

சூப்பிரண்டு கடம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பதிவேடு இருந்த பீரோ சாவியும் அவருடன் கல்யாணத்துக்குப் போயிருந்தது. போனில் கூப்பிட்டேன். பின்னால் மேளச் சத்தம். "ஒவ்வொரு எடமா போன் போட்டுக் கேட்டு நீயே அனுப்பிரும்மா, நான் பந்தியில இருக்கேன்" என்று வைத்துவிட்டார். அரசாங்கமே என் தலையில் இறங்கியதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

வரிசையாகக் கூப்பிட்டு, பசுவந்தனை சாலையில் இருந்த அருங்காட்சியகத்துக்கு வந்தேன். அந்தப் பக்கத்துப் புஞ்சைக் காடுகளில் உழும்போது கிடைத்த முதுமக்கள் தாழிகளும், எழுத்து தேய்ந்த கல்வெட்டுகளும் வைத்த சின்னக் கட்டடம். நான் பார்த்ததில்லை. மின்னஞ்சலோடு வந்த படிவத்தில் அதற்கு அனுமதிக்கப்பட்ட இடங்கள் ஏழு. போனை எடுத்தது பேச்சியம்மாள் அக்கா. தூய்மைப் பணிக்கென்று தொகுப்பூதியத்தில் எடுத்து, பதினாலு வருடமாக அங்கே இருப்பவர். சீட்டுக் கிழிப்பது, பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாழியைக் காட்டி விளக்குவது, கூட்டுவது, பூட்டுவது எல்லாம் அவர்தான். (இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு அவர் போனில் புது விளக்குமாறு கேட்கும் ஒரு குரல், அவ்வளவுதான்.)

"அக்கா, ஸ்டாஃப் விவரம் வேணும். ஒவ்வொரு போஸ்டா கேக்குறேன், ஆள் இருக்கா, காலியா சொல்லுங்க."

"எதுக்குத் தாயி கேக்க?"

இந்த இடத்தில்தான் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும். "உங்களுக்குத்தான் அக்கா, நிரந்தரம் பண்ணப் போறாங்க" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் குரலைக் கனமாக்கி, "அது கவர்மெண்டு விஷயம்க்கா, வெளிய சொல்லக் கூடாது" என்றேன்.

"சரி, கேளு. இப்பத்தான் வெளக்கு ஏத்திட்டு நிக்கேன்."

"காப்பாட்சியர்?"

"அது நிறைஞ்சிருக்கு."

"இளநிலை உதவியாளர்?"

"அதும் நிறைஞ்சிருக்கு தாயி. ரொம்ப நாளா நிறைஞ்சிருக்கு."

"காட்சிக்கூட உதவியாளர் ரெண்டு பேரு?"

"ரெண்டும் நிறைஞ்சிருக்கு."

"இரவுக் காவலர்?"

"அது போன ஆடியோட நிறைஞ்சிருச்சு. பாவம், நல்ல மனுசன்."

ஆடியில் ஒரு நல்ல மனிதர் வேலையில் சேர்ந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஏன் பாவம் என்று கேட்கத் தோன்றவில்லை.

"பகல் காவலர்?"

"சுடலைமுத்து அண்ணாச்சி இருக்காவ. காது மட்டும் கேக்காது."

"தூய்மைப் பணியாளர்?"

"அதும் நிறைஞ்சுதான் இருக்கு. நான் வந்த நாள்ல இருந்தே அப்படித்தான்."

அவரே அந்த இடத்தில் இருப்பதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். ஏழுக்கு ஏழு. காலி: இல்லை. அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். அந்த டீ அவ்வளவு நன்றாக இருந்தது.

தெரிந்தவர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். அந்தப் பக்கத்து வீடுகளில் அரிசி தீர்ந்தால் 'தீந்துருச்சு' என்று சொல்ல மாட்டார்கள். 'நிறைஞ்சிருக்கு' என்பார்கள். இல்லை, காலி என்ற சொற்களை வாயில் வைக்கக் கூடாது. அதுவும் வெள்ளிக்கிழமை, விளக்கு ஏற்றிவிட்டு. பேச்சியம்மாள் அக்கா அந்தக் கட்டடத்தையும் வீடு மாதிரிதான் வைத்திருந்தார். என் அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால் தீர்ந்தது, அதற்கு மேல் பேச்சில்லை. அதனால் எனக்கு அந்த வழக்கம் தெரியாமல் போனது. கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளிப் பேசும் தமிழ் தெரியவில்லை. கழுத்தில் அட்டை வேறு.

அடுத்த வாரம்தான் பாராட்டுக் கடிதம் வந்தது. மாநிலத்திலேயே ஏழுக்கு ஏழும் நிரம்பிய ஒரே அருங்காட்சியகம் எங்களுடையதாம். விவரத்தைத் துல்லியமாகவும் விரைவாகவும் அனுப்பியதற்கு என் பெயர் போட்டுப் பாராட்டு. இந்த அதிசயத்தை நேரில் பார்க்க இணை இயக்குநர் வருகிறார். சூப்பிரண்டு கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "ஏழுமா? எப்பம்மா போட்டாங்க?" என்று கேட்டார். ஆனால் பாராட்டில் அவர் அலுவலகத்தின் பெயரும் இருந்ததால் மேற்கொண்டு கேட்கவில்லை. "நீ முன்னால போயி எல்லாரையும் தயாரா நிறுத்திரு" என்றார்.

ஐப்பசி மழை. பேருந்தை விட்டு இறங்கி நடந்தால் ஒவ்வோர் அடிக்கும் செருப்பில் ஒரு கிலோ கரிசல் மண் ஏறியது. வாசலில் அதைக் குச்சியால் வழித்துக்கொண்டே உள்ளே பார்த்தேன். ஒல்லியாக ஓர் அம்மாள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேச்சியக்கா? மத்தவங்க எங்க?"

"எவிய?"

"மத்த அஞ்சு பேரும்!"

"அதான் நிறைஞ்சிருக்குன்னு அன்னிக்கே சொன்னேன்லா."

"நிறைஞ்சிருக்குன்னா எங்க அக்கா?"

"ஏட்டி, நிறைஞ்சிருக்குன்னா ஆளு இல்லன்னு அர்த்தம். வெள்ளியும் அதுவுமா வேற எப்படிச் சொல்ல?"

இரவுக் காவலர் ஆடியில் செத்துப்போன மனிதர். ஒரு செத்தவரை நான் பணியில் சேர்த்திருக்கிறேன். அதிகாரி வர அரை மணி நேரம்தான் இருந்தது. உண்மையைச் சொல்ல அது தாராளமாகப் போதும். நான் வெளியே ஓடினேன். மழைக்கு ஒதுங்கி நின்ற ஓர் ஆட்டுக்காரரின் கையைப் பிடித்து இழுத்து வந்து, "அண்ணாச்சி, பத்து நிமிஷம், சும்மா வரிசையில நில்லுங்க போதும்" என்று கெஞ்சினேன். அவர் தலைத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு மரியாதையாக நின்றார். ஏழு பேர் வேண்டிய இடத்தில் மூன்று பேர் ஆகிவிட்டார்கள் என்று ஆறுதல் அடைந்தேன். என் கணக்கு அறிவு அந்த லட்சணம்.

இணை இயக்குநர் வந்தார். பளபளவென்று வந்த ஷூ வாசலுக்குள் இரண்டு கரிசல் கட்டிகளாக நுழைந்தது. வரிசையைப் பார்த்தார். முதலில் நின்றவர் ஆட்டுக்காரர்.

"நீங்க எவ்வளவு நாளா இங்க?"

"எங்கய்யா காலத்துல இருந்தே இங்கனதான் சார்."

"வாரிசு நியமனமா? நல்லது. உங்க பொறுப்புல எத்தனை இருக்கு?"

தாழிகளைத்தான் கேட்டார்.

"நாப்பத்தி மூணு சார். அதுல ரெண்டு சினை."

சுடலைமுத்து அண்ணாச்சி காதில் விழாமலே "ஆமா சார்" என்று தலையாட்டினார். (வீட்டில் இந்தக் கதை சொல்லும்போது இங்கே ஐந்து நிமிடம் இடைவேளை விட வேண்டியிருக்கும்.)

அதிகாரி சிரிக்கவில்லை. மெதுவாக என் பக்கம் திரும்பினார். "இந்த விவரம் யார் கொடுத்தது?"

நான்தான் சார், புரியாமல் எழுதிவிட்டேன். நான்கு சொல். எனக்கு அந்த வேலை போய்விடும் என்று பயம். நான் பேச்சியம்மாள் அக்காவைக் கை காட்டினேன். "இவங்கதான் சார் எல்லாம் நிறைஞ்சிருக்குன்னு சொன்னாங்க."

அக்கா என்னைப் பார்த்தார். "நாந்தான் சார் சொன்னேன்" என்று மட்டும் சொன்னார். பொய் சொல்லத் தெரியாதவர். சொன்னது அவர்தானே.

தவறான தகவல் கொடுத்ததற்கு அவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான். அன்று சாயங்காலமே திருத்திய விவரமும் அனுப்பினேன். ஆனால் பட்டியல் முந்தின வாரமே முடிந்துவிட்டது. மற்ற ஊர்களில் ஆறு பேரை நிரந்தரமாக்கி ஆணை வந்தது. எங்கள் ஊருக்கு, 'காலிப் பணியிடம் இல்லாமையால் பரிசீலிக்க இயலவில்லை. அடுத்த வாய்ப்பில் கவனிக்கப்படும்' என்று ஒரு வரி வந்தது.

அந்த வரியை எடுத்துக்கொண்டு நானே நேரில் போனேன். எதற்காக அன்றைக்கு விவரம் கேட்டேன் என்று அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு தாழியின் மேல் தூசி தட்டினார். பிறகு துணியைத் தூக்கி மேசைமேல் எறிந்தார்.

"ஏட்டி, அன்னிக்கே சொல்லியிருந்தா, வெளக்க அந்தப் பக்கம் தள்ளி வச்சுட்டு, காலி காலி காலின்னு ஆறு தடவ கத்தியிருப்பேனே!"

நான் அழுதேன். "நீ அழுது என்ன செய்ய? போ, மழை வருது, பஸ்ஸு போயிரும்" என்றார். நான்கு மாதம் என்னோடு பேசவில்லை. விளக்குமாறு வேண்டும் என்றால்கூடச் சுடலைமுத்து அண்ணாச்சியை விட்டுத்தான் கூப்பிடச் சொல்வார். அண்ணாச்சிக்குப் பதில் எதுவும் கேட்காது, எதிர்முனையில் நான் கத்திக்கொண்டே இருப்பேன்.

அப்புறம் அவராகவே பேசினார். என் கல்யாணத்துக்கு வந்து, பந்தியில் உட்கார்ந்து, ஆட்டுக்காரர் கதையை என் மாமியாருக்கு நடித்தே காட்டினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காஸ் தீர்ந்தால் என் கணவர் அடுப்படியிலிருந்து, "நிறைஞ்சிருக்கு, நாப்பத்தி மூணு, அதுல ரெண்டு சினை" என்று குரல் கொடுப்பார். பிள்ளைகளுக்கும் பாடம். கதையின் பின்பாதியை நான் இன்னும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

நான் தேர்வு எழுதி அதே அலுவலகத்தில் நிரந்தர இளநிலை உதவியாளர் ஆகிவிட்டேன். அடுத்த வாய்ப்பு என்று ஒன்று வரவேயில்லை. போன வருடம் அக்காவுக்கு அறுபது முடிந்தது. நிரந்தரப் பணியாளர் என்றால் மாலை, சால்வை, வீடுவரை அலுவலக வண்டி எல்லாம் உண்டு. தொகுப்பூதியத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. திங்கட்கிழமை முதல் வர வேண்டாம் என்று போனில் சொன்னால் போதும். சொன்னவளும் நான்தான். "சரி தாயி, சாவிய அண்ணாச்சிகிட்ட குடுத்துருதேன்" என்றார்.

அடுத்த மாதம் வழக்கமான பணியாளர் விவரம் கேட்டு வந்தது. இந்த முறை பதிவேட்டைப் பார்த்தே எழுதினேன். அனுமதிக்கப்பட்டது ஏழு. பணியில் இருப்போர் ஒருவர், பகல் காவலர். காலி ஆறு. ஏதோ இடிக்கிறதே என்று அக்கா இருந்தபோது அனுப்பிய முந்தின வருடத்துப் படிவத்தை எடுத்தேன். அதிலும் ஏழு, ஒன்று, ஆறு. தொகுப்பூதியத்துக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. அந்தக் கட்டடத்தைத் தாங்கிக்கொண்டிருந்த மனுஷி போய்விட்டார், ஓர் எண்கூட நகரவில்லை. பழைய படிவத்தில் தேதியை மட்டும் மாற்றி அனுப்பினேன்.