அந்த ரேடியோவை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அக்காவும் நலமாகத்தான் இருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்கள் தங்கை இருப்பது இங்கே என் வீட்டில் அல்லவா? தங்கள் முழங்கால் வலியைப் பற்றி விசாரிக்க வேண்டியது என் கடமை, விசாரித்துவிட்டேன். இனி என் வலிக்கு வருகிறேன்.

வேலைக்காலம் முழுவதும் நூலகத்தில் 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தவன் நான். யாராவது பக்கத்தை வேகமாகப் புரட்டினாலே கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பேன். ஓய்வு பெற்ற பிறகு ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி, கையில் ஒரு புத்தகம், காதில் ஒன்றுமே இல்லை, இவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. அது விதிக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. உங்கள் தங்கையும் கணக்கு டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தாள். ஒரு நாள் உடைந்துபோன மின்விசிறியைத் தள்ளிவிடுவதற்காகப் பழைய சாமான் கடைக்குப் போனோம். அங்கே ஒரு வால்வு ரேடியோவை யாரோ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை, 'ர்ர்ம்ம்' என்று ஒரே உறுமல். உங்கள் தங்கை அப்படியே நின்றுவிட்டாள். மின்விசிறியைக் கொடுத்துவிட்டு அந்த ரேடியோவோடு வீடு திரும்பினோம். என் வாழ்க்கை அன்றோடு முடிந்தது.

டிரான்சிஸ்டர் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கெல்லாம் முந்தியது. நம் அப்பாக்கள் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு திரிந்த காலத்தில் செய்தது. மரப்பெட்டி, முன்னால் துணி, உள்ளே வால்வு என்கிற, பல்பு மாதிரி கண்ணாடிக் குழாய்கள், தூக்கினால் இடுப்புப் பிடிப்பு. தூக்குவது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றோடு நின்றதா? விருந்தாளி அறை நிறைந்தது, கட்டிலுக்கு அடி நிறைந்தது, என் புத்தக அலமாரியில் இரண்டு தட்டைக் காலி செய்து அங்கேயும் ஏற்றியாயிற்று. செல்பேசிக்குள் வெளிநாட்டுக் கிழவர் ஒருவர் உட்கார்ந்துகொண்டு ரிப்பேர் பாடம் நடத்துகிறார். இவள் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு குறிப்பெடுக்கிறாள். சாப்பாட்டு மேஜையில் ஈயம் உருக்குகிற புகை. நான் சாப்பிடுவது அடுக்களை மேடையில், நின்றுகொண்டு.

தாங்கள் வக்கீல். அதனால் குற்றச்சாட்டுகளை வரிசைப்படி சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் எதை முதலில் சொல்வது என்றே தெரியவில்லை. என் காலுறையைச் சொல்லவா? வால்வு உடையக் கூடாதாம், மெத்தென்று எதிலாவது சுற்றி வைக்க வேண்டுமாம், அதற்கு என் காலுறைகள்தான் கிடைத்தன. நண்பர் மகள் கல்யாணத்துக்கு அவசரமாகக் கிளம்பும்போது ஒன்றை எடுத்துக் காலை நுழைத்தேன், உள்ளே 'நொறுக்' என்றது. "ஐயோ!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தாள். கால் கிழிந்ததோ என்று பதறுகிறாள் போலும் என்று எனக்குக்கூட மனம் கொஞ்சம் இளகியது. "அது இனிமே எங்கேயும் கிடைக்காதுங்க!" என்றாள். என் காலைப் பற்றிச் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு வெறுங்காலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனேன்.

மீசையைச் சொல்லவா? வால்வு ரேடியோ போட்டவுடன் பாடாது, உள்ளே சூடேறக் கொஞ்ச நேரம் ஆகும். இது எனக்கு யார் சொன்னார்கள்? காலையில் செய்தி கேட்கலாம் என்று ஒன்றைத் திருகினேன், சத்தமில்லை. இன்னும் திருகினேன், சத்தமில்லை. கடைசிவரை திருகிவிட்டு, செத்த சாமான் என்று திட்டிக்கொண்டே சவரம் செய்யப் போய்விட்டேன். கத்தி மீசைக்குப் பக்கத்தில் வரும்போது பார்த்து, ஒருவர் முழுத் தொண்டையில் வானிலை அறிக்கை வாசிக்கத் தொடங்கினார். இடது பக்க மீசை போயிற்று. வலது பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதையும் எடுத்தேன். "கொஞ்ச நேரம் பொறுமையா நிக்கக் கூடாதா நீங்க?" என்றாள் உங்கள் தங்கை. பொறுமையைப் பற்றி எனக்கு உபதேசம் செய்கிறாள், மச்சான்! இவளோடு குடித்தனம் நடத்துகிற எனக்கு!

அப்புறம் பல் டாக்டர். எங்கள் வீட்டுக்குக் கீழே அவருடைய மருத்துவமனை இருக்கிறது. இந்தக் காலத்து விளக்கு, சார்ஜர், குளிர்பெட்டி எது ஓடினாலும் பழைய ரேடியோவில் கரகரப்பு வருமாம். ஆகவே இவள் ரேடியோ சோதிக்கும்போது வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிடுவாள். நான் மெழுகுவத்தி வெளிச்சத்தில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்படியும் ஒரு நாள் 'கீய்ய்ங்' என்று ஒரு சத்தம் விட்டு விட்டு வந்தது. மோப்பம் பிடித்துக்கொண்டே மாடிப்படி இறங்கியவள், நேராக டாக்டர் அறைக்குள் போய், "டாக்டர், அந்த மெஷினை அஞ்சு நிமிஷம் நிறுத்த முடியுமா?" என்று கேட்டிருக்கிறாள். நாற்காலியில் ஒரு ஆள் வாயைப் பிளந்தபடி படுத்திருக்கிறான்! வேறு மனிதராக இருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பார். அவர் நல்ல மனிதர், நிறுத்திவிட்டு மேலே வந்து தானும் காது கொடுத்துக் கேட்டார். பாதி துளைத்த பல்லோடு அந்த ஆளும் பின்னாலேயே வந்தான்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொள்வேன். என் புத்தி பேதலிப்பது வேறு விஷயத்தில். ஊரில் ரேடியோ சேர்க்கிறவர்கள் எல்லாரும் நன்றாகப் பாடுகிற ரேடியோவைத்தானே வாங்குவார்கள்? பழைய சாமான் கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். "டீச்சரம்மா, இது அருமையாப் பாடுதும்மா, எடுத்துட்டுப் போங்க" என்றார். "பாடுறது எனக்கெதுக்கு? உறுமுறது ஏதாவது இருக்கா?" என்று கேட்கிறாள் உங்கள் தங்கை. கடைக்காரர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த பரிதாபத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

கேளுங்கள், இன்னும் இருக்கிறது. உறுமுகிறதைக் கொண்டுவந்து நாள் கணக்கில் உட்கார்ந்து சரி செய்வாள். அது வாய் திறந்து பாடத் தொடங்கும். அப்பாடா என்று நான் நாற்காலியில் சாய்வேன். உடனே பின்பக்கத்து அட்டையைக் கழற்றி, சுண்டு விரலால் உள்ளே ஒரு குழாயைத் தொட்டுவிட்டு, சூடு பட்டதும் கையை உதறிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்பாள். ரேடியோ அது பாட்டுக்குப் பாடும். தலையை ஆட்டிக்கொள்வாள். மறுநாள் அந்த ரேடியோ வீட்டில் இருக்காது! கடைசியாகப் பச்சைக் கண் மாதிரி ஒரு விளக்கு வைத்த ரேடியோ, என்ன குரல் அதற்கு, எனக்கே அதன் மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது, அதைத் தூக்கிப் பல் டாக்டருக்குக் கொடுத்துவிட்டாள். இப்போது அவரிடம் பல் பிடுங்கிக்கொள்கிறவர்கள் சங்கீதம் கேட்கிறார்கள். எனக்கு மிச்சம், உறுமுகிற கூட்டம். நான் ஏதாவது வாய் திறந்தால் "என்ன முனகுறீங்க?" என்கிறாள். அதுகள் முனகினால் கன்னத்தை ஒட்டி வைத்துக் கேட்கிறாள்.

மகளுக்குப் போன் போட்டு முறையிட்டேன். "அம்மா சந்தோஷமா இருக்காங்கப்பா, விடுங்களேன்" என்று வைத்துவிட்டாள். ஆகவேதான் தங்கள் காலில் வந்து விழுகிறேன்.

விஷயம் இதுதான். மாமாவின், அதாவது தங்கள் அப்பாவின், பழைய ரேடியோ தங்கள் வீட்டுப் பீரோ மேல் இருக்கிறதல்லவா, அதைக் கேட்டு உங்கள் தங்கை மறுபடியும் போன் செய்யப் போகிறாள். அதை வைப்பதற்கு இடமும் பார்த்துவிட்டாள். ஜன்னலோரம். என் சாய்வு நாற்காலி இருக்கிற இடம்! இந்த வீட்டில் எனக்கென்று மிச்சமிருக்கிற ஒரே இடம் அதுதான் மச்சான். அதுவும் போனால் நான் பல் டாக்டரின் வராந்தாவில்தான் உட்கார வேண்டும். தாங்கள் இதுவரை எப்படி மறுத்தீர்களோ அப்படியே மறுத்துவிடுங்கள். காரணத்துக்கா பஞ்சம்? பதினொரு வயதில் அதைத் திறந்து நோண்டிக் கெடுத்தவள்தானே இவள்! எங்கள் கல்யாணத்தன்றே பந்தியில் வைத்து, "மாப்பிள்ளை, வீட்டு சாமானெல்லாம் பத்திரம், இவ கை பட்டா அவ்வளவுதான்" என்று தாங்கள் சொல்லி எல்லாரும் சிரித்தார்களே. அதன் பிறகு ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்கிறீர்களே. அதையே இன்னொரு தடவை, கொஞ்சம் அழுத்தமாகச் சொல்லுங்கள் போதும்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரக் குழந்தைகளுக்கு என் ஆசிகள், நல்ல காதும் நல்ல தூக்கமும் அவர்களுக்கு வாய்க்கட்டும். தாங்கள் நீண்ட ஆயுளோடு, அந்தப் பீரோவுக்குக் காவலாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

மீசை இன்னும் முளைத்து முடியாத,
தங்கள் மைத்துனன்.

பி.கு.: மேலே எழுதியதை உறையில் போட்டு ஒட்டப் போனேன், பசையைக் காணோம். அது ஏதோ ஒரு டயல் கண்ணாடியை ஒட்டப் போயிருந்தது. தேடி எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் கடிதம் அவள் கையில் இருந்தது. என் சாய்வு நாற்காலியிலேயே உட்கார்ந்து படித்தாள். மீசை வந்த இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தாள். ஓடுவதற்கு வசதியாக நான் கதவோரம் நின்றேன். சண்டை வரவில்லை மச்சான். சண்டை வந்திருந்தால் இந்தப் பி.கு.வுக்கு வேலையே இருந்திருக்காது.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க. ஒண்ணு மட்டும் தப்பு" என்றாள்.

"எது?"

"நான் கெடுத்தேன்னு எழுதியிருக்கீங்களே, அது."

அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "உள்ளே வெளிச்சம் தெரியுதேன்னு அட்டையைக் கழட்டி ஒரு குழாயைச் சுண்டு விரலால தொட்டேன். சுட்டுச்சு, கையை எடுத்துட்டேன். அவ்வளவுதாங்க. அன்னைக்கு முழுக்க நல்லாத்தான் பாடுச்சு. மறுநாள் போட்டா உறுமுது. அண்ணன் அப்பாகிட்ட போய், நேத்து இவதான் தொறந்தான்னு சொல்லிட்டார். அப்பா நம்பிட்டார். அவர் மட்டுமா, நானும்தான் நம்பிட்டேன். பள்ளிக்கூடத்துல மைக்கைக்கூட நான் தொட்டதில்லை. பழைய சாமான் கடையில அதே உறுமலைக் கேட்டப்போதான், இது எப்படி வருதுன்னு பார்த்துடணும்னு தோணுச்சு. உள்ளே கண்டன்சர்னு ஒண்ணு இருக்கு. வயசானா தானாவே உலர்ந்து போகும். அது உலர்ந்தா இந்தச் சத்தம் வரும். எத்தனை ரேடியோ திறந்தாச்சு, எல்லாத்துலயும் அதேதான். சரி பண்ணினதும் அன்னைக்குத் தொட்ட மாதிரியே தொட்டும் பார்த்துட்டேன். ஒரு தடவைகூட அந்தச் சத்தம் வரலைங்க."

நான் கதவோரத்திலிருந்து உள்ளே வந்தேன். "அப்பா கடைசிவரைக்கும் என் கையில ஒரு டார்ச் லைட்டைக்கூடக் கொடுக்கலை" என்றாள். சொல்லும்போது சிரித்தாள். பந்தியில் நீங்கள் சொன்னபோது சிரித்த அதே சிரிப்பு.

எனக்குக் கோபம் வருகிறது மச்சான். கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்கெல்லாம் வாதாடி விடுதலை வாங்கிக் கொடுத்தவர் நீங்கள். நேற்றுத் தொட்டாள், இன்று கெட்டது, ஆகவே இவள்தான் என்று எதிர்த்தரப்பு சொல்லியிருந்தால் எழுந்து நின்று கிழித்திருப்பீர்கள். கூடப் பிறந்தவளுக்கு மட்டும் விசாரணையே இல்லையா? இன்னும் விசேஷத்துக்கு விசேஷம் தீர்ப்பை வேறு வாசிக்கிறீர்கள்!

ஆகவே மேலே நான் கேட்டுக்கொண்டதையெல்லாம் அடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வாடகை வண்டி பேசிக்கொண்டு நாங்களே வருகிறோம். பீரோ மேலிருந்து ரேடியோவை இறக்கித் தூசி தட்டி வையுங்கள். மின்சாரத்தில் சொருகிவிட வேண்டாம். ஜன்னலோரத்து நாற்காலியை நானே நகர்த்திவிட்டேன், அந்த இடம் காலியாக இருக்கிறது. ஆனால் வண்டியில் ஏற்றுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பின்பக்கத்து அட்டையை எல்லார் முன்னிலையிலும் நீங்கள்தான் கழற்ற வேண்டுமாம். தான் விரலால்கூடத் தொடப் போவதில்லை, தள்ளி நின்று எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன் என்கிறாள் என் மனைவி.

திருப்புளியை நான் கொண்டு வருகிறேன்.