மூலையில் நின்ற ராகி

பத்தாம் வகுப்புக் கணக்கில் நான் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதிலும் முக்கோணவியல் என்றால் எனக்கு உயிர். கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் கப்பல் எவ்வளவு தூரம் என்று மின்னலாகப் போட்டுவிடுவேன். (பாப்பிரெட்டிப்பட்டிக்காரனான நான் அதுவரை கப்பலையும் பார்த்ததில்லை, கலங்கரை விளக்கத்தையும் பார்த்ததில்லை. அது வேறு விஷயம்.)

பிறகு டிப்ளமோ முடித்து, வெல்டிங் பட்டறை வைத்து, சுமதியைக் கல்யாணமும் செய்துகொண்டேன். ஆறாவது மாதம் என் மாமனார் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் தன் ஊரில் மாவு மில் போட்டார். மெஷின் வந்துவிட்டது. அதன் தலையில் உட்காரும் தொட்டி மட்டும் பாக்கி. அதில் ராகியைக் கொட்டினால் நாலு பக்கமிருந்தும் சரிந்து, அடியில் இருக்கும் சின்ன வாய் வழியாக மெஷினுக்குள் இறங்க வேண்டும்.

"சேலத்துல ஒரு ஆள் இருக்காரு. முப்பது வருசமா இதே வேலதான். அவருகிட்டயே சொல்லிடலாம்னு பாக்கறேன்" என்றார் மாமனார்.

"எதுக்குங்க மாமா? நானே செஞ்சு தரேன்."

அவர் முகத்தில் சந்தேகம் ஓடியது. ஆனால் புது மாப்பிள்ளையிடம் வேண்டாம் என்று எந்த மாமனார் சொல்வார்? "சரிங்க மாப்ள" என்றார். அந்த வீட்டில் இனி எந்த இரும்பு வேலை என்றாலும் என்னைத்தான் கூப்பிட வேண்டும். என் ஆசையெல்லாம் அதுதான்.

மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பொம்பளைங்க தூக்கிக் கொட்டணும். ரொம்ப ஒசரமா வெச்சிடாதீங்க."

அப்படியென்றால் தொட்டியின் ஆழம் குறைய வேண்டும். ஆனால் ரொம்பக் குறைந்தால் சரிவு போதாமல் ராகி இறங்காது. எவ்வளவு சரிவு இருந்தால் இறங்கும்? வேறு யாராவது என்றால் குத்துமதிப்பாக வெட்டியிருப்பார்கள். நான் தொண்ணூற்றெட்டு ஆயிற்றே! பட்டறைத் தரையில் ஒரு வாளி ராகியை மெல்லக் கொட்டினேன். அழகாகக் குவிந்து நின்றது. நடுவிலிருந்து விளிம்புக்குப் பன்னிரண்டு அங்குலம், உயரம் ஆறு அங்குலம். ஆறு வகுத்தல் பன்னிரண்டு, அரை. டேன் மதிப்பு அரை என்றால் இருபத்தாறரை பாகை. இன்னொரு வாளி கொட்டினேன். குவியல் பெரிதானது, ஆனால் கணக்கு மாறவில்லை. அதே பாதி! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ராகிக்கென்று ஒரு கோணம் இருக்கிறது, அதை அது மறப்பதே இல்லை.

பாதுகாப்புக்கு முப்பத்தைந்து பாகை வைத்தேன். சதுரத் தொட்டி. நாலு சுவரிலிருந்தும் நடுவில் இருக்கும் வாய்க்குப் படுக்கையாக இருபது அங்குலம், ஆழம் பதினாலு. சாப்பாடு கொண்டுவந்த சுமதியிடம் கணக்கை விளக்கினேன். (அவள் கணக்கில் எழுபத்தொன்று. கல்யாணத்துக்கு முன்பே விசாரித்து வைத்திருந்தேன்.)

"மூலைய அளந்தீங்களா?" என்றாள்.

"ரெண்டு சுவர் சேர்ற எடந்தானே மூலை? சுவர் சரியா இருந்தா மூலையும் சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கே ஓர் அறை விடத் தோன்றுகிறது.

திறப்பு நாளன்று ஊரே ராகியோடு வந்திருந்தது. எனக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பூசை முடிந்து மெஷின் ஓடியது. ராகி சரசரவென்று இறங்கியது. நான் மீசையைத் தடவிக்கொண்டேன். தடவி முடிப்பதற்குள் மெஷின் காலியாகக் கத்த ஆரம்பித்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். நாலு சுவரும் பளிச்சென்று இருந்தன. நாலு மூலையிலும் ராகி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

ஸ்டூலில் ஏறிக் கையால் தள்ளினேன். ஒரு மூலையைத் தள்ளி முடித்தால் அடுத்த மூலை. மாவுப் புழுதியில் மீசை, புருவம் எல்லாம் வெளுத்துப்போயின.

"மாப்ளையும் மெஷினோட சேந்து வருவாரா?" என்று வரிசையில் ஓர் அம்மா கேட்க, மில்லே சிரித்தது. மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாகப் போனை எடுத்து, சேலத்து ஆளின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார். நான் இன்னும் வேகமாகத் தள்ளினேன்.

"அப்பா, கொஞ்சம் இருங்க" என்றாள் சுமதி.

புடவையைச் செருகிக்கொண்டு, டேப்போடு ஸ்டூலில் ஏறினாள். தொட்டியின் மேல்விளிம்பில் மூலைக்கு மூலை ஒரு கயிறு கட்டினாள். மூலையிலிருந்து வாய்க்கு நேர்மேல் வரைக்கும் அந்தக் கயிற்றின் மேலேயே அளந்தாள்.

"இருவத்தெட்டு. சுவத்துலருந்து வாய்க்கு இருவதுதான், மூலையிலருந்து இருவத்தெட்டு நடக்கணும். ஆனா எறங்கறது ரெண்டுக்கும் அதே பதினாலுதான். இருவத்தெட்டுக்குப் பதினாலு எவ்வளவுங்க?"

"பாதி" என்றேன்.

"தரையில கொட்டினப்ப ராகி எப்படி நின்னுச்சு?"

பாதி. மூலையில் நான் ராகிக்கு ஓடும் சரிவை வைக்கவில்லை. அது எந்தச் சரிவில் நிம்மதியாக நிற்குமோ, அதையே அங்குலம் பிசகாமல் செய்து கொடுத்திருக்கிறேன்! அவமானமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. நான் தொட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். தரையில் எழுதிக் காட்டிய அதே கணக்கை ராகி மூலையிலும் எழுதியிருந்தது. நான் நாலு மூலையிலும் கை வைத்துத் துழாவினேன், எனக்குத் தெரியவில்லை. அவள் ஒரு கயிற்றைக் கட்டிப் படித்துவிட்டாள். அவ்வளவு பிரமிப்பு எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

ஆழத்தை இருபது அங்குலமாக்கச் சொன்னாள். அப்படியானால் மூலையும் முப்பத்தைந்து பாகைக்கு வந்துவிடும். இரண்டு நாளில் புதுத் தொட்டி செய்தேன். பெண்கள் ஏறிக் கொட்ட இரண்டு படியும் வைத்தேன். ஒரு மூட்டையைக் கொட்டினோம். கடைசி ராகி வரைக்கும் தானாகவே இறங்கியது. மாமனார் காலித் தொட்டிக்குள் கைவிட்டு, நாலு மூலையையும் தடவிப் பார்த்தார். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பதினோரு வருஷம் ஆகிவிட்டது. அந்த ஊர் பஸ்ஸில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு "ராகி தள்ளுன மாப்ள" என்றுதான் பெயர். ஆனால் நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. மாமனார் வீட்டில் கேட்டோ, ஷெட்டோ, எந்த இரும்பு வேலையானாலும் போன் எனக்குத்தான் வரும்.

"மாப்ள, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேங்க மாமா."

"சரிங்க. போனைக் கொஞ்சம் சுமதிகிட்ட குடுங்க."