மச்சான் இருபத்து மூன்று

தோற்பதற்கென்றே தினமும் நேரம் தவறாமல் வேலைக்கு வந்த ஒரே மனிதர், கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் தேடினாலும், எங்கள் சவ்வு அண்ணன்தான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு அறையில் குடியிருந்தார். எல்ஆர்டி ரயில் பிடித்து எங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்கு வந்து எட்டரைக்குத் தோற்க ஆரம்பிப்பார். அந்தத் தோல்விகளை ஃபைலில் போடுவது உதவியாளரான என் வேலை.

ஒவ்வொரு செல்லையும் சுற்றி எண்ணெய்ப் பசையுள்ள சவ்வு இருக்கிறது. பல மருந்துகளை அது உள்ளே விடாது. ஆனால் பெப்டைட் எனும் குட்டிப் புரதத் துண்டுகளில் சில, அதில் ஒட்டிக்கொண்டு எப்படியோ நுழைந்துவிடும். அப்படி ஒன்றைச் செய்து, அதன் முதுகில் மருந்தை ஏற்றி அனுப்ப வேண்டும் என்பது அண்ணனின் மூன்று வருடப் பாடு.

செய்த பெப்டைட்களுக்கெல்லாம் 'மச்சான்' என்றே பெயர் வைத்தார். சுங்கை வேயில் இருக்கும் அவருடைய மச்சான் கூப்பிடாமலே எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்து சாப்பிட உட்கார்ந்துவிடுவாராம். செல் வளர்க்கும் இன்குபேட்டரை அண்ணன் இரண்டு தட்டுத் தட்டாமல் திறக்கமாட்டார். கேட்டால், "உள்ள ஆளுங்க இருக்காங்க லா, தங்கச்சி" என்பார்.

மச்சான் இருபத்திரண்டு கொஞ்சம் தேறியது.

"உள்ள போயிருச்சாண்ணே?"

"போச்சு. ஆனா செல்லு அவனைப் பைக்குள்ள போட்டு வச்சிருச்சு. கார்ல ஏறி காண்டோ அடுக்குமாடி கேட்டைத் தாண்டிட்டான், சைல்ட் லாக் போட்டுட்டாங்க. எறங்க முடியல."

மச்சான் இருபத்து மூன்று வந்தபோது அண்ணனின் கான்ட்ராக்ட் முடிய ஒரு மாதம்தான் இருந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், மச்சானோடு ஒட்டிவிட்ட சாயத்தின் பச்சை ஒளி செல்லின் நட்டநடு வரை! ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியர் அம்மா, "படத்தை அனுப்புங்க, கான்ட்ராக்டை நீட்டிடலாம்" என்றார். அண்ணன் எங்கள் மாடியில் இருந்த எல்லாருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் அவர் முகம் சரியில்லை.

"தங்கச்சி, நாம பாத்தது செத்த செல்லு."

உயிருள்ள செல்லைப் பார்க்கும் மைக்ராஸ்கோப்புக்கு எங்கள் இடத்தில் எப்போதும் கூட்டம். அதனால் செல்லை ஃபார்மலினில் போட்டுக் கொன்றுவிட்டு, எங்கள் பழைய மைக்ராஸ்கோப்பில் சாவகாசமாகப் பார்ப்போம். செத்த செல்லின் சவ்வு காவல் காக்காது. வெளியே ஒட்டிக்கொண்டிருந்ததெல்லாம் அப்புறம் உள்ளே போயிருக்கலாம்.

"யாருண்ணே கேக்கப் போறாங்க? அனுப்பிடுங்க!"

"செத்த வீட்டுக்குள்ள யாரு வேணாலும் நுழையலாம் லா. அதுக்கு மச்சான் எதுக்கு?"

கெஞ்சிக் கூத்தாடி அரை மணி நேரம் வாங்கி, உயிருள்ள செல்லைப் பார்த்தார். பச்சை, வெளியே ஒரு வளையமாக மட்டும் இருந்தது. மச்சான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அண்ணன் இரண்டு படங்களையும் சேர்த்தே அனுப்பினார். கான்ட்ராக்ட் நீளவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில், "உங்களுக்கு மண்டையில ஒண்ணுமே இல்லையாண்ணே?" என்று கத்திவிட்டேன்.

"இருக்கு. அதுவும் உள்ளயே மாட்டிக்கிச்சு" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

இப்போது கிள்ளானில் தண்ணீர் ஃபில்டர் விற்கும் கடையில் இருக்கிறார். போன வாரம் போன் செய்து வேலை எப்படி என்று கேட்டேன்.

"இங்கயும் சவ்வுதான் தங்கச்சி. ஆனா இங்க தண்ணியத் தவிர எதுவும் உள்ள போகக் கூடாது. எல்லாம் போவுது."

அவர் இல்லாத ஆய்வுக்கூடம் எனக்குப் பிடிக்கவே இல்லை. அங்கே யாரும் பார்க்காதபோது, இன்குபேட்டரை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் திறக்கிறேன்.